ஆற்றைக் கடந்தவர்களைத் தேடிப் போன சவாதா

"ஆற்றில் மார்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் வியட்நாம் தாயின் படத்தை எடுத்த ஜப்பானியர் யார்? கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவர் கைகொடுத்திருக்க வேண்டாமா? படத்தால் அவருக்குப் பரிசும் புகழும் வந்தன. அந்தக் குடும்பத்துக்கு என்ன வந்தது?" இதுதான் கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதனால் இரண்டு வரியில் முடிக்காமல் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு நாளிதழின் படப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டிலிருந்து வரும் போர்ப் படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. இந்தக் கேள்வி என்னையும் பல இரவுகள் தொந்தரவு செய்திருக்கிறது.

படத்தை எடுத்தவர் கியோய்ச்சி சவாதா. யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் (யு.பி.ஐ.) என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்காக, தென் வியட்நாமின் அன்றைய தலைநகரான சைகோனில் இருந்தவர். படம் எடுக்கப்பட்ட நாள் 1965 செப்டம்பர் 6. இடம், தென் வியட்நாமின் பின்டின் மாகாணத்தில் குயி நோன் நகருக்கு அருகே உள்ள லோக் துவாங் கிராமம். அமெரிக்காவையும் தென் வியட்நாம் அரசையும் எதிர்த்துப் போரிட்ட வியட் காங் கெரில்லாப் படையினர் அந்த ஊரை முகாமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்கப் படைக்குச் சந்தேகம். மக்களை வெளியேறச் சொன்னார்கள்; குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் ஆற்றில் இறங்கினார்கள்.

படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இரண்டு பெண்கள், மூன்று குழந்தைகள். தண்ணீர் மார்புக்கு மேல் ஏறியிருக்கிறது. கைக்குழந்தை தண்ணீரில் முங்கிவிடாமல் ஒரு தாய் அணைத்துத் தூக்கியிருக்கிறார். ஈரத்தில் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடக்கிறது. படத்தில் துப்பாக்கி இல்லை, விமானம் இல்லை, புகை இல்லை, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. போர் என்று சொல்லத் தக்க ஒரு பொருளும் சட்டத்துக்குள் இல்லாமல், அந்த ஐந்து முகங்களை வைத்தே போர் முழுவதையும் சொல்லிவிட்ட படம் அது. அவர்கள் வருவது கேமரா இருக்கும் பக்கமாக. எந்தப் படை ஊரைக் காலி செய்யச் சொன்னதோ அந்தப் படையோடு வந்த மனிதர் நிற்கும் கரையை நோக்கித்தான் அவர்கள் நீந்தி வருகிறார்கள். அவர்கள் கண்களில் இருக்கும் அச்சத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் குண்டு, முன்னால் இருப்பவன் யார் என்று தெரியாது.

இந்தப் படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் 1965-ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது. 1966-இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசும் பெற்றது.

அந்தக் குடும்பத்துக்கு என்ன வந்தது என்பதற்கு இனி வருகிறேன். பரிசு கிடைத்த பிறகு சவாதா திரும்பவும் அந்தக் கிராமத்துக்குப் போனார். படத்தில் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர்கள் ஒரே குடும்பம் இல்லை, இரண்டு குடும்பங்கள். படத்தின் பிரதியையும் பரிசுத் தொகையில் ஒரு பகுதியையும் அவர்களுக்குக் கொடுத்தார்.

எளிதாகப் படித்துக் கடந்து போய்விடக்கூடிய செய்தி இது. கடந்துவிடாதீர்கள். 1966-இல் பின்டின் மாகாணம் எப்படி இருந்தது? அந்த ஆண்டின் தொடக்கத்தில் அங்கே அமெரிக்கப் படைகளும் தென் கொரியப் படைகளும் தென் வியட்நாமியப் படைகளும் சேர்ந்து பெரும் தேடுதல் வேட்டை நடத்தியிருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஊர்கள் காலியாகி, முகாம்கள் நிரம்பி, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது உறவுக்காரர்களுக்கே தெரியாத காலம். அந்தக் கலவரத்துக்குள் கையில் ஒரு படத்தோடு, பெயர் தெரியாத ஐந்து பேரைத் தேடிக்கொண்டு ஒருவர் போயிருக்கிறார். செய்தி நிறுவனத்துக்கு அது தேவையில்லாத வேலை. அதைச் செய்யாவிட்டால் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் படத்தோடு உலகம் முழுக்கப் போன குறிப்பு "ஒரு தாயும் அவருடைய குழந்தைகளும்" என்றுதான் சொல்கிறது. இன்றும் பல இடங்களில் அப்படியேதான் அச்சாகிறது. இரண்டு பெண்கள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது; ஆனாலும் குறிப்பு ஒரு தாய் என்று சொல்லிவிட்டதால் நாமும் ஒரு தாயைத்தான் பார்க்கிறோம். சவாதா திரும்பிப் போனதால்தான் அந்தப் படத்தில் இரண்டு வீடுகள் இருக்கின்றன என்று தெரிந்தது.

படக்குறிப்பு எழுதியவன் என்ற முறையில் இது எனக்கு உறைக்கிறது. அந்தக் காலத்தில் படம் வந்து சேரும் முறையே பெயர்களைத் தின்றுவிடும். களத்தில் எடுத்த ஃபிலிம் சுருள் ஹெலிகாப்டரிலோ ராணுவ விமானத்திலோ சைகோனுக்கு வர வேண்டும். இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, அதன் ஓரத்தில் நான்கு வரி ஆங்கிலக் குறிப்பைத் தட்டச்சு செய்து ஒட்டி, சுழலும் உருளையில் மாட்டுவார்கள். உருளை சுற்றச் சுற்ற, வெளிச்சம் கோடு கோடாகப் படத்தை வருடி, ஒலி அலையாக மாற்றி வானொலி வழியே அனுப்பும். ஒரு படம் போய்ச் சேரப் பல நிமிடங்கள் ஆகும். இடையில் வானிலை கெட்டால் முகத்தின் குறுக்கே கோடு விழும். திரும்ப அனுப்ப வேண்டும். அந்த அவசரத்தில் இடம், தேதி, எந்தப் படைப்பிரிவு என்பவை நிற்கும். படத்தில் இருக்கும் பெண்ணின் பெயர் நிற்காது. "பாதிக்கப்பட்ட பெண்", "அகதிச் சிறுவன்" என்று நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

சவாதா எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கதையில் ஒரு விசித்திரமான வளைவு இருக்கிறது. ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் உள்ள அவோமோரி நகரில் 1936 பிப்ரவரி 22 அன்று பிறந்தவர். 1945 ஜூலை 28 இரவு அமெரிக்க விமானங்கள் அந்த நகரத்தை எரித்தன. அப்போது அவருக்கு ஒன்பது வயது. பள்ளிப் படிப்பு முடிந்து பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். பிறகு வேலை கிடைத்த இடம் மிசாவா. அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்த ஊர். தளத்துக்குள் இருந்த ஒரு கேமராக் கடையில் சேர்ந்தார். அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கேமரா விற்பதும் அவர்களுடைய ஃபிலிமைக் கழுவிக் கொடுப்பதும் வேலை. படக்கலையை அங்கே கற்றார். தன்னைவிடப் பதினோரு வயது மூத்த உடன் பணியாளர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டதும் அங்கேதான். எந்த ராணுவத்தின் வீரர்களுக்கு அவர் ஃபிலிம் கழுவிக் கொடுத்தாரோ, அதே ராணுவத்தின் போரைத்தான் சில ஆண்டுகளில் படமெடுக்கப் போனார்.

1961 இறுதியில் யு.பி.ஐ.யின் டோக்கியோ அலுவலகத்தில் இடம் கிடைத்தது. வியட்நாமுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார்; அனுப்பவில்லை. 1965 பிப்ரவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் போய்ப் படம் எடுத்து வந்தார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் நிறுவனம் அவரை அந்த ஆண்டு ஜூலையில் சைகோனுக்கு முறையாக அனுப்பியது. இரண்டு மாதத்துக்குள் ஆற்றங்கரைப் படம்.

இதிலிருந்து ஒன்று தெளிவு. அவர் லட்சிய வெறி உள்ளவர். பேர் வாங்க வேண்டும் என்று கிளம்பிப் போனவர். அதை மறைத்து அவரை மகானாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேராசையும் இரக்கமும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும். போர்ப் படக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

ஏன் இத்தனை ஜப்பானியர்கள் வியட்நாமில் இருந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். 1960-களில் மட்டும் மூன்று ஜப்பானியர்கள் புகைப்படத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார்கள். முதல்வர் யாசுஷி நாகாவோ. டோக்கியோ மேடையில் சோஷலிஸ்ட் தலைவர் அசானுமா வாளால் குத்திக் கொல்லப்பட்ட கணத்தைப் பிடித்ததற்காக 1961-இல். அடுத்தவர் சவாதா. மூன்றாமவர் தோஷியோ சகாய், 1968-இல், வியட்நாம் படத்துக்காக. அமெரிக்கச் செய்தி நிறுவனங்களின் ஆசியத் தலைமை அலுவலகங்கள் டோக்கியோவில் இருந்தன. 1964-இல்தான் சாதாரண ஜப்பானியர்கள் தாராளமாக வெளிநாடு போக அனுமதி வந்தது. அடைத்து வைத்த தலைமுறை ஒன்று வெளியே பாய்ந்தது. அமெரிக்க ராணுவத்தின் செய்தியாளர் அட்டை இருந்தால் ஹெலிகாப்டரில் இடம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது ஆண்டுகளுக்கு முன்பு குண்டுக்கு அடியில் ஓடிய குழந்தைகள் அவர்கள். ஆற்றில் இறங்கும் தாயை அவர்கள் தொலைவிலிருந்து பார்க்கவில்லை.

சவாதாவின் இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 1966 பிப்ரவரி 24. அமெரிக்கக் கவச வாகனம் ஒன்றின் பின்னால் கயிற்றில் கட்டி, இறந்துபோன வியட் காங் வீரர் ஒருவரின் உடலைத் தரையோடு இழுத்துப் போகிறார்கள். வாகனத்தின் மேல் இருக்கும் சிப்பாய்களின் முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்தப் படமும் 1966-ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தப் பெருமை ஒருவருக்கே போனது.

ஆற்றைக் கடந்தவர்களைத் தேடிப் போக முடிந்தது. இந்தப் படத்துக்கு உரியவரிடம் திரும்பிப் போக வழியே இல்லை. அவருக்கும் எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு தாய் இருந்திருப்பார். பிரதியைக் கொண்டுபோய் எந்தத் தாயின் கையில் கொடுப்பது? பொதுமக்களின் துயரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது சீருடை அணிந்தவர்களின் பிணத்தை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கயிற்றுப் படத்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை.

1968-இல் வியட்நாமியப் புத்தாண்டான தெத் சமயத்தில் வட வியட்நாமும் வியட் காங்கும் தொடுத்த பெரும் தாக்குதலின்போது ஹுவே நகரில் ஏறத்தாழ ஒரு மாதம் நடந்த சண்டையையும் சவாதா படமெடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் நிறுவனம் அவரை ஹாங்காங்கில் படப் பிரிவு ஆசிரியராக உட்கார வைத்தது. மேசை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1970 தொடக்கத்தில் சைகோனுக்குத் திரும்பினார். மார்ச் மாதம் கம்போடியாவில் ஆட்சி கவிழ்ந்து, போர் அங்கேயும் பரவியது.

கம்போடியா, செய்தியாளர்களுக்கு வியட்நாமைவிடக் கொடியது. வியட்நாமில் அமெரிக்க ஹெலிகாப்டர் கொண்டுபோய் விடும், திரும்ப அழைத்து வரும். கம்போடியாவில் அது கிடையாது. வாடகைக் காரில் நெடுஞ்சாலையில் போக வேண்டும். எந்த வளைவுக்கு அப்பால் யார் கையில் சாலை இருக்கிறது என்பது போன பிறகுதான் தெரியும். அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். சவாதாவும் ஒருமுறை பிடிபட்டு விடுவிக்கப்பட்டார். பிறகும் போனார். 1970 அக்டோபர் 28 அன்று, யு.பி.ஐ.யின் புனோம் பென் அலுவலகப் பொறுப்பாளர் ஃபிராங்க் ஃபிராஷுடன் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே காரில் போனவர் திரும்பவில்லை. இருவரையும் சுட்டுக் கொன்றிருந்தார்கள். சவாதாவுக்கு வயது 34. அந்த ஆண்டுக்கான ராபர்ட் கப்பா தங்கப் பதக்கம் இறந்த பிறகு அவருக்கு வழங்கப்பட்டது.

இப்போது, "கேமராவைக் கீழே வைத்திருக்க வேண்டாமா?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சிலர் 1972-இல் டிராங் பாங்கில் நேபாம் என்ற எரிகுண்டின் தீயில் வெந்து ஓடிவந்த சிறுமியைச் சொல்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தது யார் என்பதில் அண்மையில் சர்ச்சை எழுந்து, உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு 2025-இல் படைப்பாளர் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் படத்தை எடுத்தவராக அதுவரை அறியப்பட்ட, ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் நிக் ஊட் அந்தச் சிறுமியை வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்ததால்தான் அவர் பிழைத்தார். அது போன்ற சந்தர்ப்பத்தில் கேமராவை வைத்துவிட்டுத் தூக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. படக்காரரின் கை மட்டுமே எட்டும் தூரத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்றால், படம் பிறகுதான்.

ஆனால் ஷட்டர் திறந்து மூடும் நேரம் ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு. அந்தத் துளி நேரத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு நாம் தீர்ப்புச் சொல்கிறோம். படம் அசையாமல் நிற்பதால், எடுத்தவரும் அசையாமல் நின்றுகொண்டே இருந்தார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. நான் கேட்கும் கேள்வி வேறு. அடுத்த மாதம் அவர் எங்கே இருந்தார்? அடுத்த ஆண்டு எங்கே இருந்தார்? இருபது ஆண்டு கழித்து? படத்தில் இருப்பவர்களுக்கு அவர் பட்ட கடன் அந்த நொடியில் தொடங்குகிறது. அதை அவர் எப்படி நடத்தினார் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது என் மனதில் முதலில் வருபவர் புன்யோ இஷிகாவா. சவாதா அளவுக்கு உலகப் பரிசுகள் பெறாதவர். நீண்ட ஆயுள் பெற்றவர். 1938 மார்ச் 10 அன்று ஜப்பானின் தென்கோடித் தீவான ஒகினாவாவின் ஷுரியில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் டோக்கியோ அருகே உள்ள சிபாவுக்குப் பெயர்ந்துவிட்டது. அந்தப் பெயர்ச்சிதான் அவரை ஒகினாவாப் போரிலிருந்து தப்ப வைத்தது என்று சொல்லலாம். 1945 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அந்தத் தீவில் நடந்த சண்டையில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள். அதில் ஏறத்தாழ 94,000 பேர் ஒகினாவாவின் பொதுமக்கள் என்பது மாகாண அரசின் மதிப்பீடு. மக்கள் குகைகளுக்குள் ஒளிந்தார்கள், அங்கேயே எரிந்தார்கள், சொந்த நாட்டு ராணுவமே சிலரைச் சாகத் தூண்டியது. இஷிகாவா படத்துறைக்கு வந்தது வேறு வழியில். ஆனால் பிறந்த மண்ணின் இந்த நினைவு அவர் வேலை முழுவதிலும் ஓடுகிறது.

1964-இல் உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் ஹாங்காங்கில் ஒரு பட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆகஸ்டில், அமெரிக்கா போரில் முழுமையாக இறங்கக் காரணமாகக் காட்டிய டோங்கின் வளைகுடாக் கடல் மோதல் நடந்தபோது வியட்நாமுக்கு முதன்முதலாகப் போனார். 1965 ஜனவரியிலிருந்து 1968 டிசம்பர் வரை நான்கு ஆண்டுகள் சைகோனில் தங்கி, யாருக்கும் சம்பள ஆளாக இல்லாமல் படமெடுத்தார். தென் வியட்நாமியப் படையோடும் அமெரிக்கப் படையோடும் ஊர் ஊராக நடந்தார். அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சிதான்: படை வந்து நிற்கும் ஒரு கிராமம், ஆண்கள் இல்லாத வீடு, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தரையில் குந்தியிருக்கும் கிழவி. சவாதாவின் படங்களில் ஒரு கணம் வெடிக்கும். இஷிகாவாவின் படங்களில் வெடிப்பு குறைவு, காத்திருத்தல் அதிகம். நாடக அழுத்தம் இல்லாததால் பத்திரிகை ஆசிரியர்கள் முதல் பக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கத் தயங்கும் வகைப் படங்கள் இவை. பொதுமக்களுக்குப் போர் என்பது பெரும்பாலும் காத்திருத்தல்தான் என்பது எனக்கு இவர் படங்களைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

அவர் சைகோனில் இருந்த கடைசி ஆண்டில், 1968-இல், ஒகினாவாவின் கடேனா அமெரிக்க விமானப்படைத் தளத்திலிருந்து பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமில் குண்டு போடப் புறப்பட்டன. அந்த நவம்பரில் ஒரு பி-52 புறப்படும்போதே கடேனாவில் விழுந்து வெடித்தது. வியட்நாமியர்கள் ஒகினாவாவைப் பேய்த் தீவு என்று அழைத்ததாக அங்குள்ள மக்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வதுண்டு. தன் தாய்மண்ணிலிருந்து கிளம்பும் விமானம் தான் படமெடுக்கும் கிராமங்களின் மேல் குண்டு போடுகிறது என்ற நிலையில் இருந்த படக்காரர் வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. போருக்குப் பின் அமெரிக்கத் தளங்கள் நிறைந்த ஒகினாவாவைப் பல ஆண்டுகள் படமெடுத்தார். "நுச்சி து தகாரா", அதாவது உயிரே செல்வம் என்று ஒகினாவா மொழியில் ஒரு சொல் உண்டு. அவர் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

1969-இல் ஜப்பான் திரும்பி அசாஹி ஷிம்புன் நாளிதழ் நிறுவனத்தில் படக்காரராகச் சேர்ந்தார். 1984 வரை அங்கே இருந்தார். அதற்கிடையே 1972-இல் வட வியட்நாமின் தலைநகரான ஹனோய் போனார். தெற்கில் குண்டு போடுபவர்களோடு நடந்தவர், வடக்கில் குண்டு விழும் பக்கம் நின்று பார்த்தார். இந்த இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பிறகு கம்போடியா, போஸ்னியா, ஆப்கானிஸ்தான். ஆனாலும் வியட்நாமுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தார். 1998-இல் ஹோ சி மின் நகரின் (பழைய சைகோனின்) போர் எச்சங்கள் அருங்காட்சியகத்தில் அவர் படங்களுக்கென்று நிரந்தரக் கூடம் திறந்தார்கள். அமெரிக்கப் படையின் அனுமதி அட்டையோடு போய் எடுத்த படங்கள், அந்தப் படையை எதிர்த்து வென்றவர்களின் அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. எந்தப் பதக்கத்தையும்விட இதைப் பெரிதாக நினைக்கிறேன். படத்தில் இருப்பவர்களின் பேரப் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் தன் படம் இருப்பதைவிட ஒரு படக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

65 வயதில், 2003-இல், ஜப்பானின் வடமுனையான சோயாவிலிருந்து ஒகினாவாவின் நாஹா வரை 3,300 கிலோமீட்டர் நடந்தார். 2006-இல் மாரடைப்பு வந்து பிழைத்தார். 80 வயதில் மறுபடியும் சோயாவிலிருந்து நடக்கத் தொடங்கி, 2019-இல் நாஹாவை அடைந்தார். வழியில் கண்டவர்களையெல்லாம் படமெடுத்துக்கொண்டே போனார். குண்டு விழாத ஊர்களில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கும் ஆசை அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதாக ஒருவர், கோரோ நாகாமுரா. இவர் போர் விட்டுச் சென்ற பாதிப்பைப் படமெடுத்தவர். 1961-இலிருந்து 1971 வரை அமெரிக்கப் படை தென் வியட்நாமின் காடுகள் மேலும் வயல்கள் மேலும் கோடிக்கணக்கான லிட்டர் களைக்கொல்லி தெளித்தது. ஏஜென்ட் ஆரஞ்சு என்று அறியப்படுவது அதில் முக்கியமானது; அதில் கலந்திருந்த டையாக்சின் நஞ்சு மண்ணிலும் உடலிலும் தங்கிவிடக்கூடியது. 1976-இல் நாகாமுரா நாட்டின் தென்முனையான கா மாவுக்குப் போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அலையாத்திக் காடு எலும்புக்கூடாக நின்றது. அதன் நடுவில் வெறுங்காலோடு ஒரு சிறுவன் நிற்கும் படத்தை எடுத்தார். பிறகு பல பத்தாண்டுகள் அதே இடங்களுக்கும் அதே குடும்பங்களுக்கும் போய்ப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். துப்பாக்கி ஓய்ந்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைகளின் உடலில் போர் தொடர்வதைக் காட்ட வேறு வழி கிடையாது. ஒரு நொடியில் எடுக்க முடியாத படம் அது. ஓர் ஆயுள் தேவை.

அண்மைக் காலத்தில் மிகா யாமாமோதோவைச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களில் பெண்களையும் குழந்தைகளையும் பின்தொடர்ந்து வீடியோ எடுத்தவர். 2012 ஆகஸ்ட் 20 அன்று சிரியாவின் அலெப்போவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 45. அவர் கடைசியாக எடுத்த காட்சிகளிலும் தெருவில் நடமாடும் மக்களும் குழந்தைகளும்தான் இருக்கிறார்கள்.

ஆக, கேட்டவருக்கு என் பதில் இது. சவாதா அந்த நொடியில் படம் எடுத்தார். அதில் தவறு காண எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் குண்டு போட்ட நாட்டின் காலை நாளிதழ்களில் அந்த ஐந்து முகங்களைக் கொண்டுபோய் வைக்க வேறு யாரும் இருக்கவில்லை. படத்தால் போர் நின்றுவிடவில்லை. அது இன்னும் பத்து ஆண்டுகள் நடந்தது, போர்க்காலம் முழுவதிலும் இருபது லட்சம் பொதுமக்கள் இறந்ததாக வியட்நாம் அரசு 1995-இல் அறிவித்தது. பரிசுத் தொகையில் ஒரு பகுதி இரண்டு குடும்பங்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டிருக்கவும் முடியாது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் கோபத்தைச் சவாதாவின் மேல் வைக்காதீர்கள். திரும்பிப் போகாதவர்களின் மேல் வையுங்கள். பெயர் கேட்காமல் குறிப்பு எழுதிய என் போன்றவர்கள் மேலும் வையுங்கள்.

வியட்நாம் போகும் வாய்ப்பு இருந்தால் ஹோ சி மின் நகரில் வோ வான் தான் தெருவில் 28-ஆம் எண் கட்டடத்துக்குப் போங்கள். அந்த அருங்காட்சியகத்தில் இஷிகாவாவின் படங்களும் நாகாமுராவின் படங்களும் இருக்கின்றன. இந்தோசீனப் போர்களில் உயிரிழந்த படக்காரர்கள் நூறு பேருக்கும் மேல்; எல்லாத் தரப்பினரின் படங்களுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏஜென்ட் ஆரஞ்சு கூடத்துக்குச் சிறு குழந்தைகளை அழைத்துப் போவதற்கு முன் யோசியுங்கள். ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். எடுத்தவர் பெயர் பலவற்றில் இருக்கும். படத்தில் இருப்பவர் பெயர் எத்தனை படங்களில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள்.